300 கேசட்டை ஒரே ராத்திரியில் ஏஐ-யிடம் கொடுக்கலாமா?

கேசட்பெட்டி | 2025 ஜூலை 4

கோயில் கொடையில பதிஞ்ச வில்லுப்பாட்டு, இலக்கியச் சொற்பொழிவு, ஊர்ப் பெரியவங்க பேச்சு எல்லாம் சேர்த்து சுமார் 300 கேசட். எல்லாமே 60 நிமிஷ நாடா. பாதி வேவ் கோப்பா மாத்தியாச்சு, மீதி ஓடிட்டிருக்கு. என் திட்டம்: மொத்த ஃபோல்டரையும் டீப்ஃபில்டர்நெட்ங்கற ஏஐ இரைச்சல் நீக்கில ராத்திரி ஓடவிடறது, காலைல எஃப்எஃப்எம்பெக்ங்கற ஒலிக்கோப்புக் கருவி வச்சு சத்தத்தைச் சமப்படுத்தறது, அப்புறம் விஸ்பர்ல எழுத்தாக்கறது. உக்காந்து காது குடுத்துக் கேக்கற வேலையே தேவையில்லைன்னு நினைக்கிறேன். இதுல எங்கயாவது இடிக்குதா?

ஓடும்நாடா | ஜூலை 4

ஓடவிட்டால் ஓடி முடியும், ஒரு பிழைச் செய்தியும் வராது. இடிப்பது அங்கேதான். பழைய கருவிகள் தப்பாகப் போனால் கரகரப்பு, துண்டிப்பு என்று காதில் அடிக்கும். ஏஐ இரைச்சல் நீக்கி தப்பாகப் போனால் சுத்தமான ஒலி வரும், அதில் இரண்டு சொல் குறைந்திருக்கும். மூலத்தைப் பக்கத்தில் வைத்துக் கேட்காதவருக்கு அது தெரியவே தெரியாது. 300 மணி நேரத்தில் அப்படி எத்தனை இடம் என்று பிறகு தேடவும் முடியாது.

அதனால் முதல் விதி: மூலக் கோப்புகள் தனி ஃபோல்டரில், படிக்க மட்டும் என்ற அனுமதியோடு, ஒவ்வொன்றுக்கும் செக்சம் (கோப்பு மாறியதா என்று காட்டும் எண்) எடுத்து இருக்கட்டும். ஏஐ தொட்டதெல்லாம் வேறு ஃபோல்டர். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி, 300 மணிக்கு 311 ஜிபி. 96 கிலோஹெர்ட்ஸ் என்றால் அதன் இரட்டிப்பு. இன்றைய வட்டு விலையில் மூலத்தை அழிக்க எந்த நியாயமும் இல்லை.

இரண்டாவது, காது கொடுக்கும் வேலையை விட முடியாது, சுருக்கலாம். எப்படி என்று நாளை எழுதுகிறேன்.

ஓடும்நாடா | ஜூலை 5

சோதனைத் துண்டுகள். 300 கேசட்டிலிருந்து மிக மோசமான இடங்களாகப் பத்துப் பன்னிரண்டு எடுங்கள், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். மைக்கிலிருந்து தள்ளி உட்கார்ந்து மெதுவாகப் பேசும் முதியவர், மின்விசிறிக்குக் கீழே பதிந்தது, ஒலிபெருக்கி ஊளையிடும் இடம், கூட்டம் சிரிக்கும் இடம், உடுக்கும் ஜால்ராவும் சேர்ந்து அடிக்கும் இடம், ஓவராகப் பதிந்து முனை வெட்டுப்பட்டது. நன்றாக இருக்கும் கோப்பில் சோதித்தால் எல்லாக் கருவியும் பாஸ் ஆகிவிடும்.

அந்தத் துண்டுகளை ஏஐ வழியாக ஓட்டிவிட்டு, வந்ததைக் கேட்காதீர்கள். எடுத்து எறிந்ததைக் கேளுங்கள். மூலத்தை ஒரு தடத்தில் வையுங்கள், சுத்தம் செய்ததை இன்னொரு தடத்தில் வைத்து அலையைத் தலைகீழாக்குங்கள் (ஆடாசிட்டி ஒலித்தொகுப்பு மென்பொருளில் ‘இன்வெர்ட்’), இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். மிஞ்சுவதுதான் கழிவு. அதில் வெறும் ஹிஸ் (நாடாவின் ‘ஸ்ஸ்’ சத்தம்), விசிறி, ரீங்காரம் (மின்சாரத்தால் வரும் ‘உம்’ சத்தம்) மட்டும் இருந்தால் நல்லது. பேச்சின் சொற்கள் புரியும்படி கேட்டால் அமைப்பு கூடிவிட்டது.

இது வேலை செய்ய இரண்டு தடமும் ஒரு சாம்பிள் (ஒலியை அளந்த ஒரு புள்ளி) கூடப் பிசகாமல் பொருந்த வேண்டும். டீப்ஃபில்டர்நெட் முன்னோக்கிப் பார்த்து முடிவெடுக்கும் மாடல் என்பதால் வெளியீடு சற்றுத் தாமதமாக வரும். அதன் கட்டளையில் தாமதத்தை ஈடுகட்டும் விருப்பக்குறி, பெரிய எழுத்து டி, இருக்கிறது. அதைப் போடாமல் கழித்தால் கழிவில் முழுப் பேச்சும் கேட்கும், கருவி மேல் வீண் பழி விழும். மூலத்தையும் சுத்தம் செய்ததையும் கலந்து பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. தாமதத்தோடு கலந்தால் குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகும்.

கேசட்பெட்டி | ஜூலை 5

கழிவைக் கேட்டேன். ரெண்டு துண்டுல பேச்சு நல்லாவே கேக்குது. உடுக்கு முழுசா கழிவுலதான் இருக்கு!

ஓடும்நாடா | ஜூலை 5

உடுக்கு போகும், ஜால்ரா போகும், வில்லில் கட்டிய மணியும் போகும். டீப்ஃபில்டர்நெட், ஆர்என்நாய்ஸ் இரண்டும் பேச்சை வைத்துக்கொண்டு மற்றதை விரட்டப் பழக்கப்பட்டவை. அவற்றின் கணக்கில் உடுக்கு இரைச்சல். சுருதிப்பெட்டியும் தம்புராவும் இன்னும் மோசம்: மாறாமல் ஒலிக்கும் எதுவும் விசிறிச் சத்தம் மாதிரியே தெரியும், பேச்சு நிற்கும் இடத்தில் சுருதி அமுங்கி, பேச்சு வரும்போது எழும்பும்.

ஆகவே தொகுப்பை முதலில் இரண்டாகப் பிரியுங்கள். வெறும் பேச்சு ஒரு ஃபோல்டர், இசை கலந்தது இன்னொன்று. வில்லுப்பாட்டு முழுவதும் இரண்டாவதில். இசை ஃபோல்டருக்கு ஏஐ இரைச்சல் நீக்கம் வேண்டவே வேண்டாம். ரீங்கார வடிகட்டி, டிக் சத்தம் நீக்கி, தேவையானால் லேசான ஸ்பெக்ட்ரல் இரைச்சல் குறைப்பு, அதுவும் 6 டெசிபெல்லுக்கு மேல் இல்லை. ஹிஸ் கொஞ்சம் மிஞ்சட்டும். நாடா ஹிஸ்ஸுக்குக் காது இரண்டே நிமிடத்தில் பழகிவிடும், அமுங்கி எழும்பும் சுருதிக்குக் கடைசிவரை பழகாது.

பேச்சு ஃபோல்டருக்கு வரம்பு வையுங்கள். டீப்ஃபில்டர்நெட்டில் அதிகபட்சம் எத்தனை டெசிபெல் குறைக்கலாம் என்று சொல்லும் அமைப்பு உண்டு. 100 என்றால் வரம்பே இல்லை என்று பொருள், ஒன்றும் சொல்லாவிட்டால் அதுதான் நடக்கும். 6 முதல் 12 வரை லேசானது, 18 முதல் 24 வரை நடுத்தரம். கேசட் பேச்சுக்கு 12-இல் தொடங்குங்கள். பின்புலம் முழுக்கச் செத்துப்போன பேச்சைவிட, மெல்லிய இரைச்சல்மேல் நிற்கும் பேச்சு கேட்க எளிது, தவறு நடந்தாலும் சொல் அடியோடு மறையாது.

தெற்குத்தெரு | ஜூலை 6

12 எல்லாத்துக்கும் சரிவராது. தலைக்கு மேல் விசிறி ஓடுகிற பதிவில் 18 வரை போனால்தான் பேச்சு புரிகிறது. நிலையான இரைச்சலுக்கு 18 தாங்கும், கூட்டச் சத்தத்துக்கு 12-ஐத் தாண்டக்கூடாது. கூட்டத்தில் இருப்பதும் மனிதக் குரல், மாடல் அதில் தடுமாறும்.

ஓடும்நாடா | ஜூலை 6

தெற்குத்தெரு சொல்வது சரி. பேச்சு ஃபோல்டருக்குள்ளும் ‘விசிறி’, ‘கூட்டம்’, ‘அமைதி’ என்று மூன்று பை வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கேசட் எந்தப் பை என்பதற்கு முதல் ஒரு நிமிடம், நடுவில் ஒரு நிமிடம் கேட்டால் போதும். கேசட்டுக்கு இரண்டு நிமிடம் வீதம் 300 கேசட்டுக்குப் பத்து மணி நேரம். மொத்த வேலையில் மனிதக் காது கட்டாயம் வேண்டிய இடம் இதுதான், இதை மட்டும் சுருக்கப் பார்க்காதீர்கள்.

வரிசையையும் சொல்லிவிடுகிறேன். பலரும் முதலிலேயே சத்தத்தை உயர்த்தி ஒலிப்பு அளவைச் சமப்படுத்துகிறார்கள், அப்புறம் இரைச்சல் நீக்குகிறார்கள். நீக்கியபின் அளவு மறுபடி மாறும், செய்ததையே திரும்பச் செய்ய வேண்டிவரும். பேச்சுக்கு: 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, டிக் சத்தம், ரீங்காரம், பிறகு ஏஐ, பிறகு ஈக்யூ (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைப்பது), லேசான கம்ப்ரஷன் (உரத்ததுக்கும் மெல்லியதுக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது), கடைசியில் ஒலிப்பு அளவு. மிருதங்கமோ வில்லுக்குடமோ இருந்தால் 70-இல் வெட்டாதீர்கள், 30 போதும்.

ரீங்காரம் பற்றி: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே 50, 100, 150, 200 என்று அடுக்காக இருக்கும் என்று எழுதிவைத்து, 300 கோப்புக்கும் ஒரே வடிகட்டியைப் போடுவார்கள். கேசட்டில் அது அப்படியே இருக்காது. பதிந்த டெக்கின் வேகமும் இப்போது ஓட்டும் டெக்கின் வேகமும் வேறு. நாடா 2 விழுக்காடு வேகமாக ஓடினால் 50 என்பது 51 ஆகும், 200 என்பது 204. குறுகிய வடிகட்டி வெறும் இடத்தை வெட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கோப்பிலும் பேச்சில்லாத பத்து நொடியை ஸ்பெக்ட்ரமில் பார்த்து 45-க்கும் 55-க்கும் இடையில் முனை எங்கே என்று ஸ்கிரிப்டே கண்டுபிடிக்கட்டும். நாடாவில் பதிந்த ரீங்காரம் 51-இல் நிற்கிறதென்றால், நாடா 2 விழுக்காடு வேகமாக ஓடுகிறது என்ற செய்தியும் சேர்த்துக் கிடைக்கும், குரலின் சுருதியைத் திருத்த அதைப் பயன்படுத்தலாம். முனை சரியாக 50-இலேயே அசையாமல் நின்றால் அது பெரும்பாலும் உங்கள் டெக்கிலிருந்தோ கேபிளிலிருந்தோ வருவது. நாடாவை நிறுத்திவிட்டுப் பதிந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

கேசட்பெட்டி | ஜூலை 8

ஸ்கிரிப்ட் எழுதினேன். 150 கோப்புல 1, 3, 9ன்னு ஏதோ தாவித் தாவி ஓடுது. சில கோப்பு பேரோட முதல் எழுத்தை விட்டுட்டு ‘கோப்பு இல்லை’ன்னு சொல்லுது. பேரெல்லாம் தமிழ்ல இருக்கறதாலயா?

ஓடும்நாடா | ஜூலை 8

இரண்டு வேறு சிக்கல். தாவுவதற்கும் எழுத்து காணாமல் போவதற்கும் காரணம் எஃப்எஃப்எம்பெக். அது ஓடும்போது விசைப்பலகைக் கட்டளைக்காக உள்ளீட்டைப் படித்துக்கொண்டே இருக்கும். உங்கள் லூப் கோப்புப் பட்டியலை அதே உள்ளீட்டு வழியாக வரிவரியாகக் கொடுக்கிறது, அதிலிருந்து சில எழுத்துகளை எஃப்எஃப்எம்பெக் எடுத்துவிடுகிறது. ‘நோஸ்டிடின்’ என்ற விருப்பக்குறியைச் சேருங்கள், சரியாகிவிடும்.

தமிழ்ப் பெயரால் வருவது வேறு. ‘கொ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறி ஒரே குறியீடாக, அல்லது எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியாக. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு பிரித்துத்தான் சேமிக்கும், லினக்ஸ் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும். கண்ணுக்கு ஒரே பெயர், கணினிக்கு இரண்டு. ‘கொடை’, ‘சொற்பொழிவு’ என்று பெயர் வைத்த கோப்புகள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போனதும் பட்டியலோடு பொருந்தாது, அல்லது ஒரே பெயரில் இரண்டு கோப்பு தெரியும். கோப்புக்கு எண் மட்டும் வையுங்கள்: கேசட் எண், பக்கம். 0147-1, 0147-2. தலைப்பு, பேசியவர், ஊர், நாள் எல்லாம் ஒரு அட்டவணையில் தமிழிலேயே இருக்கட்டும்.

ஓடும்நாடா | ஜூலை 8, இரவு

மேலே விட்டுப்போனது. ஒவ்வொரு கட்டமும் வெளியீட்டைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக முடிந்த பிறகே இறுதிப் பெயருக்கு மாற்ற வேண்டும். நடுராத்திரி கரண்ட் போனால் பாதி எழுதிய கோப்பு முடிந்த கோப்பு மாதிரியே உட்கார்ந்திருக்கும். இறுதிப் பெயர் இருந்தால் தாண்டிப் போ, இல்லையென்றால் செய் என்று ஸ்கிரிப்ட் இருந்தால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் சாம்பிள் எண்ணிக்கை உள்ளே போனதற்குச் சமமா என்று பாருங்கள். டீப்ஃபில்டர்நெட்டின் தனிச் செயலி 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பைத்தான் எதிர்பார்க்கிறது, ஆர்என்நாய்ஸும் 48-க்குப் பழகியது. 96-இல் பதிந்ததை முன்கூட்டியே 48-க்கு இறக்கிக் கொடுங்கள், ஒப்பிடும்போது அந்த 48 கோப்போடு ஒப்பிடுங்கள்.

தெற்குத்தெரு | ஜூலை 9

மாடல் ஓடும் கட்டத்துக்கு ஒரே ஒரு வேலை, எஃப்எஃப்எம்பெக் கட்டத்துக்கு சிபியு கோர் எத்தனையோ அத்தனை. ஜிபியுவில் நான்கு வேலையைச் சேர்த்து அடைத்தால் நினைவகம் நிரம்பி ஒன்று சாகும், எது செத்தது என்று பதிவேட்டில் தேட வேண்டும். விஸ்பரை ஒவ்வொரு கோப்புக்கும் புதிதாகத் தொடங்க வைக்காதீர்கள். மாடல் ஏறுவதற்கே நேரம் போகும். ஒருமுறை ஏற்றி, பட்டியல் முழுவதையும் அதற்குள்ளேயே சுற்றவிடுங்கள்.

கேசட்பெட்டி | ஜூலை 11

ஒலிப்பு அளவு மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (அதோட அலகு) வச்சேன். சில கோப்பு 192 கிலோஹெர்ட்ஸா வெளிய வருது, அளவு பெருசு. சிலதுல மெதுவா பேசற இடத்துல இரைச்சல் தானா ஏறி இறங்குது.

ஓடும்நாடா | ஜூலை 11

இரண்டுக்கும் ஒரே வேர். எஃப்எஃப்எம்பெக்கில் ஒலிப்பு அளவைச் சமப்படுத்தும் லவுட்நார்ம் வடிகட்டியை ஒரே ஓட்டத்தில் போட்டால் அது ஓடஓட அளவை மாற்றிக்கொண்டே போகும். உச்சத்தைச் சரியாக அளக்க உள்ளே 192-க்கு ஏற்றும், நீங்கள் வெளியீட்டு வீதத்தைச் சொல்லாவிட்டால் அப்படியே விட்டுவிடும். வீதத்தை 48000 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

ஏறி இறங்குவதை நிறுத்த இரண்டு ஓட்டம் வேண்டும். முதல் ஓட்டத்தில் அளந்து அது தரும் ஐந்து எண்களை (ஒருங்கிணைந்த அளவு, உச்சம், மெல்லியதுக்கும் உரத்ததுக்கும் இடையிலான வீச்சு, த்ரெஷோல்ட், ஈடு) எடுத்து, இரண்டாவது ஓட்டத்தில் நேர்கோட்டு முறையில் கொடுங்கள். அப்போது கோப்பு முழுவதற்கும் ஒரே கெயின். இங்கே ஒரு பள்ளம் உண்டு. அந்தக் கெயினைப் போட்டால் உச்சம் வரம்பைத் தாண்டும் என்றாலோ, கோப்பின் வீச்சு நீங்கள் கேட்டதைவிடப் பெரிது என்றாலோ, அது பேசாமல் பழைய முறைக்குத் திரும்பிவிடும். வீச்சின் இயல்பு அமைப்பு 7. மேடைப் பேச்சு அதைச் சுலபமாகத் தாண்டும். 20 என்று வையுங்கள். கைதட்டலும் மைக்கைத் தட்டுவதும் உச்சத்தை ஏற்றிவிடும், அதற்கு முன்னால் உச்சத்தை அடக்கும் ஒரு லிமிட்டர். கடைசியில் அது தரும் அறிக்கையில் ‘லீனியர்’ என்று வந்ததா ‘டைனமிக்’ என்று வந்ததா என்று ஸ்கிரிப்டையே பார்க்கச் சொல்லி, டைனமிக் வந்த கோப்புகளைத் தனிப் பட்டியலாக்குங்கள்.

ஒரே கேசட்டின் இரண்டு பக்கங்களைச் சேர்த்து அளந்து ஒரே கெயின் கொடுங்கள். சொற்பொழிவின் நடுவில் பக்கம் திருப்பும்போது சத்தம் துள்ளினால் கேட்கிறவர் கவனம் சிதறும்.

தெற்குத்தெரு | ஜூலை 11

ஒரு திருத்தம் சேர்க்கணும். ஒற்றைத் தடக் கோப்பில் மைனஸ் 16 என்று அளந்தால், இரண்டு ஸ்பீக்கரில் ஓடும்போது அது ஸ்டீரியோ மைனஸ் 16-ஐவிட 3 கூடுதலாகக் கேட்கும். ஒற்றைத் தடத்துக்கு மைனஸ் 19, அல்லது லவுட்நார்மில் இரட்டை மோனோ அமைப்பை இயக்கி மைனஸ் 16. இரண்டும் ஒன்றே.

கேசட்பெட்டி | ஜூலை 12

எல்லாம் மோனோ டேப் ரெக்கார்டர்ல பதிஞ்சதுதான். ஸ்டீரியோ டெக்ல ஓட்டி, ரெண்டு தடத்தையும் கூட்டி மோனோ ஆக்கிட்டேன். ‘ச’, ‘ஸ’ எல்லாம் மங்கலா இருக்கு. உயர் அதிர்வெண்ணை ஏஐ திருப்பித் தரும்னு ஒரு மென்பொருள் பாத்தேன்.

ஓடும்நாடா | ஜூலை 12

கூட்டியதுதான் காரணமாக இருக்கும். டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டின் கோணம் பதிந்த கருவியோடு பொருந்தவில்லை என்றால் இரண்டு தடத்துக்கும் நுண்ணிய நேர வேறுபாடு வரும், கூட்டும்போது மேல் அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழிக்கும். கூட்டாத மூலக் கோப்பு இருந்தால் இரண்டில் தெளிவான தடத்தை மட்டும் எடுங்கள். இனி ஓட்டும் கேசட்டுகளுக்கு, மோனோவில் கேட்டபடியே ஹெட்டின் கோணத் திருகை மெல்லத் திருப்பி, ‘ச’ கூர்மையாகும் இடத்தில் நிறுத்திப் பதியுங்கள். கேசட்டுக்கு ஒரு நிமிட வேலை. இந்த ஒரு நிமிடம் தருவதை எந்த மாடலும் பின்னால் தராது.

திருப்பித் தரும் மென்பொருள் திருப்பித் தருவதில்லை. இந்த இடத்தில் பொதுவாக என்ன இருக்கும் என்று கணித்து எழுதுகிறது. கேட்க இனிமையாக இருக்கும். பேசியவர் ‘ச’ என்றாரா ‘ஸ’ என்றாரா, ‘ழ’ என்றாரா ‘ள’ என்றாரா என்பது வட்டாரப் பேச்சைப் பற்றிய சான்று. அதை ஒரு கணிப்பு நிரப்பக்கூடாது. விளம்பரத்துக்கோ நாடகத்துக்கோ தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஊர்ப் பெரியவர்களின் குரலுக்கு வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன்.

கேசட்பெட்டி | ஜூலை 15

விஸ்பர் ஓடுது. கூட்டம் அமைதியா இருக்கற இடத்துல ‘பார்த்ததற்கு நன்றி’ன்னு எழுதுது. ஒரு இடத்துல ஒரே வரி நாப்பது தடவை.

ஓடும்நாடா | ஜூலை 15

இரண்டும் தெரிந்த நோய். விஸ்பர் 30 நொடிச் சாளரமாகக் கேட்கிறது, பேச்சே இல்லாத சாளரத்திலும் எதையாவது எழுதப் பார்க்கும். இணைய வீடியோ வசனவரிகளில் அடிக்கடி வரும் வாசகம் அப்போது வெளியே வரும். முன்னால் பேச்சு கண்டறியும் கருவியை வைத்து, பேச்சு உள்ள துண்டை மட்டும் கொடுங்கள். திரும்பத் திரும்ப எழுதுவதற்கு, முந்தைய சாளரத்தின் எழுத்தை அடுத்ததற்குக் குறிப்பாகக் கொடுக்கும் அமைப்பை அணையுங்கள்.

கண்டறியும் கருவியின் எண்களைப் பார்த்து வையுங்கள், தமிழுக்கு இது முக்கியம். சைலரோ என்ற பேச்சு கண்டறியும் கருவியை நேரடியாக அழைத்தால் 100 மில்லிநொடி அமைதி கிடைத்ததும் துண்டை முடித்துவிடும், ஓரத்தில் 30 மில்லிநொடிதான் விடும். ‘பாட்டு’, ‘பத்து’ என்பதில் வல்லினம் இரட்டிக்கும் இடத்தில் வாய் மூடி நிற்கும் அமைதியே நிதானமான பேச்சில் 100-ஐத் தாண்டலாம். சொல்லின் கடைசிக் குற்றியலுகரம் தேய்ந்து ஒலிக்கும், அதுவும் ஓரத்தில் வெட்டுப்படும். ஃபாஸ்டர் விஸ்பர் (விஸ்பரை வேகமாக ஓட்டும் மென்பொருள்) வழியாக அழைத்தால் இயல்பாகவே அமைதி 2000, ஓரம் 400. தமிழ்ச் சொற்பொழிவுக்கு அமைதி 700-க்குக் குறையாமல், ஓரம் 300-க்குக் குறையாமல் வையுங்கள். ‘அமைதியைச் சுருக்கு’ என்று வெளியீட்டுக் கோப்பில் செய்யும் கருவிகளுக்கும் இதே எண்தான். 0.1 நொடிக்குச் சுருக்கினால் ‘பட்டு’ ‘படு’ பக்கம் நகரும்.

இன்னொன்று. விஸ்பரின் சொற்பகுப்பான் தமிழுக்குக் கூடுதல் டோக்கன் (மாடல் எழுத்தை உடைக்கும் துண்டு) செலவழிக்கிறது. ஒரு சாளரத்துக்கு எழுதும் வரம்பு இயல்பில் 224 டோக்கன். வேகமாகப் பேசுகிறவரின் 30 நொடி அதில் முட்டி, வரி பாதியில் நிற்கலாம். 15 முதல் 20 நொடித் துண்டாகக் கொடுப்பது பாதுகாப்பு.

தெற்குத்தெரு | ஜூலை 15

விஸ்பருக்கு டீப்ஃபில்டர்நெட் கோப்பையா கொடுக்கிறீர்கள்? மூலத்தையே கொடுத்துப் பாருங்கள். அது இரைச்சலோடு பழகியதுதான், 16 கிலோஹெர்ட்ஸ் மோனோவாகத்தான் கேட்கும். சுத்தம் செய்யும்போது தேய்ந்த மெய்கள் அதற்குத் தடையாகும். ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் வெளியிட்ட இந்திய மொழி மாடல்களையும் அதே பத்துத் துண்டில் ஓட்டி, கையால் எழுதியதோடு ஒப்பிடுங்கள்.

கேசட்பெட்டி | ஜூலை 18

மூலம்தான் நல்லா வருது, நன்றிண்ணா. இன்னொரு யோசனை. வில்லுப்பாட்டுல பாட்டை மட்டும் தனியா பிரிக்க டெமக்ஸ் போடலாமா? பாட்டு வரிகளை எழுத்தாக்க.

ஓடும்நாடா | ஜூலை 19

எழுத்தாக்கத்துக்கான இடைக் கோப்பாக என்றால் போடலாம், வெளியிட வேண்டாம். டெமக்ஸ் டிரம், பாஸ், குரல், மற்றவை என்று நான்காகப் பிரிக்கும். அது கற்றது பெரும்பாலும் மேற்கத்தியப் பாப் பாட்டு. கர்நாடகக் கச்சேரியில் பாடகரை நிழல்போலத் தொடரும் வயலின் குரலோடு ஒட்டும், மிருதங்கம் டிரம்முக்கும் பாஸுக்குமாகப் பங்காகும். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவதும் குரலோடுதான் வரும், உங்களுக்கு அது வேண்டும்தானே. கர்நாடக இசைக்குத் தனித்தடப் பதிவுகளோடு சராகா என்ற திறந்த தரவுத்தொகுப்பு இருக்கிறது, ஆனால் மேடையில் ஒன்றாக அமர்ந்து பதிந்ததால் ஒரு மைக்கில் இன்னொன்று கசிந்திருக்கும். சுத்தமான தனித்தடம் கிடைக்காதவரை நம் இசைக்கு நல்ல பிரிப்பான் பழக்குவது கடினம். யாராவது ஸ்டுடியோக்காரர் மனம் வைக்க வேண்டிய வேலை இது.

போடுகிறபோது இரண்டு கவனம். பிரித்த தடம் முனை வெட்டுப்படாமல் இருக்க டெமக்ஸ் தானாகவே அளவைக் குறைக்கும், ஆகவே நான்கையும் கூட்டினால் மூலம் வராது. 32 பிட் மிதவைப் புள்ளியில் எழுதி அந்தத் திருத்தத்தை அணையுங்கள். தற்செயல் நகர்வை இயக்கியிருந்தால் ஒவ்வொரு ஓட்டத்திலும் முடிவு சற்று மாறும், பூச்சியமாக வையுங்கள்.

கேசட்பெட்டி | ஜூலை 19

கடைசியா ஒண்ணு. ஊர்க்காரங்க போன்ல கேக்கறதுக்கு எந்த வடிவம்?

ஓடும்நாடா | ஜூலை 20

பேச்சுக்கு ஒற்றைத் தடம் ஓபஸ் (ஒலியைச் சுருக்கும் வடிவம்) 32 கிலோபிட், மணிக்கு 14 எம்பி அளவில் வரும். வில்லுப்பாட்டுக்கு 64. பழைய போனில் ஓபஸ் ஓடாதவர்களுக்கு எம்பி3 ஒற்றைத் தடம் 64 கிலோபிட் வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கிய கோப்பில் உச்சம் சற்று எகிறும், அதனால் ஒலிப்பு அளவுக் கட்டத்தில் உச்ச வரம்பை மைனஸ் 1.5 என்று வைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் அளவு சமப்படுத்தி முடித்த கோப்பின் ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கும் வடிவம்) பிரதியிலிருந்து உருவாக்குங்கள், எம்பி3-இலிருந்து ஓபஸ் செய்யாதீர்கள். அட்டவணையில் ஒரு கட்டம் சேருங்கள்: எந்த மாடல், எந்தப் பதிப்பு, எத்தனை டெசிபெல் வரம்பு. அடுத்த ஆண்டு நல்ல மாடல் வந்தால் எந்த 40 கேசட்டை மட்டும் மறுபடி ஓட்டினால் போதும் என்பது அதைப் பார்த்தே தெரிந்துவிடும்.